வியாசர்பாடியில் தரைத்தள வீடு: மழைக்கு முன்னாடி எதை முதல்ல செய்யணும்?

கீழ்வீடு_எம்கேபிநகர் கேட்டது:

வணக்கம். எம்.கே.பி. நகர் பக்கம் சொந்த வீடு. முன்பக்கம் 400 சதுர அடி கான்கிரீட் தளம், அதுக்கு மேல வாடகைக்கு ஒரு ரூம், அதுக்குத் தனி கக்கூஸ். பின்னாடி சமையற்கட்டும் பாத்ரூமும் கக்கூஸும் ஒரு பக்கச் சாய்ப்பு, மேல சிமெண்ட் ஷீட். ரோட்டை மேல மேல போட்டு உயர்த்தினதுல எங்க வாசப்படி ரோட்டைவிட அரை அடி தாழ்வு. 2015லயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் உள்ளே ஒன்றரை அடி தண்ணி நின்னுச்சு. ரெண்டு தடவையும் வாசல்ல தண்ணி ஏறுறதுக்கு முன்னாடியே கக்கூஸ் கோப்பை வழியா சாக்கடை வந்துடுச்சு.

சேம்பர் (கழிவுநீர் சேர்ந்து தெரு லைனுக்குப் போற தொட்டி) வீட்டுக்குள்ளயே நடையில இருக்கு. மொட்டை மாடித் தண்ணி, மாடி கக்கூஸ், கீழ்வீட்டு பாத்ரூம் எல்லாமே அந்த ஒரே சேம்பர்லதான் விழுது. 3,000 லிட்டர் சம்பு, ஒரு மோட்டார், இன்வெர்ட்டர் இருக்கு. இவ்வளவு வருஷம் ஆளுக்கொண்ணு சொல்லிட்டாங்க: வாசப்படியை உயர்த்து, தரையை உயர்த்து, சம்பைக் காலி பண்ணு. கையில 30,000 ரூபாய் வரைக்கும் இருக்கு. ஐப்பசி பிறக்குறதுக்குள்ள எதை முதல்ல செய்யலாம்? அம்மாவுக்கு எழுபது வயசு, ராத்திரியில தண்ணி வந்தா தூக்கிட்டு மாடிக்குப் போகணும். அதனாலதான் இந்தத் தடவை முன்கூட்டியே கேட்கிறேன்.

குழாய்வேலை_கொருக்குப்பேட்டை:

வாசப்படியை விடுங்க. நீங்க போற போக்குல எழுதின ஒரு வரிதான் முக்கியம்: மொட்டை மாடித் தண்ணி சேம்பர்ல விழுது. முதல் வேலை அதைப் பிரிக்கிறது.

கணக்கைப் பாருங்க. ஒரு நாள்ல 20 சென்டிமீட்டர் மழை பெஞ்சா 400 சதுர அடி தளத்துல இறங்குறது சுமார் 7,400 லிட்டர். ரெண்டுக்கு ரெண்டு அடி, ரெண்டரை அடி ஆழ சேம்பர் கொள்ளுறது 280 லிட்டர்தான். தெரு மெயின் லைன் நிரம்பி நின்னா இந்த 7,400 லிட்டருக்குப் போக வேற இடமில்ல, உங்க வீட்டுல எந்த ஓட்டை தாழ்வா இருக்கோ அது வழியா வெளிய வரும். அது கீழ்வீட்டு கக்கூஸ் கோப்பை. தெருச் சாக்கடை எதிர்த்து வருதுன்னு நீங்க நினைக்கிறதுல பாதி, உங்க மாடி மழையே சாக்கடையைத் தள்ளிக்கிட்டு வர்றது. மழைத் தண்ணியைக் கழிவுநீர் லைன்ல விடக் கூடாதுன்னு விதியும் இருக்கு.

செய்ய வேண்டியது: மாடியிலேர்ந்து இறங்குற பைப்பை சேம்பருக்கு மேல வெட்டி, எல்போ போட்டு, சுவரோரமா தெருப்பக்கம் கொண்டு போங்க. 4 அங்குல பிவிசி. எல்லா ஜாயின்டும் பசை போட்டு ஒட்டியிருக்கணும், நடுவுல திறப்பு எதுவும் இருக்கக் கூடாது. வெளிமுனை தெருத் தண்ணியில மூழ்கினாலும் பரவாயில்ல, பத்தடி உயரத்துலேர்ந்து வர்ற அழுத்தம் தள்ளிடும். ஆனா நடுவுல ஒரு ஜாயின்ட் லூசா இருந்தா அங்கேயே பீச்சும், அதுவும் வீட்டுக்குள்ள.

இதை முடிச்சப்புறம்தான் ரெண்டாவது வேலை: சேம்பர்லேர்ந்து தெருவுக்குப் போற வாய்ல நான் ரிட்டர்ன் வால்வு, அதாவது தண்ணியை வெளியே மட்டும் விட்டு எதிர்த்து வர்றதைத் தடுக்கிற வால்வு. வரிசை மாறக் கூடாது. மாடித் தண்ணியைப் பிரிக்காம வால்வு போட்டா, வால்வு மூடின உடனே மழை முழுக்க வீட்டுக்குள்ளதான் தேங்கும். வால்வு மேல திறந்து பார்க்கிற மூடி உள்ளதா வாங்குங்க. உள்ளே இருக்கிற நாக்கு தன் எடையில விழுந்து மூடணும், அதனால பைப் தெருப்பக்கம் சரிவா இருக்கணும். நாக்கு இடுக்குல முடியோ துணியோ நாப்கினோ சிக்கினா மூடவே மூடாது. மாசம் ஒரு தடவை மூடியைத் திறந்து விரல்ல தூக்கி விட்டுப் பாருங்க, ‘டக்’னு விழணும்.

மூணாவது, மாடியில இருக்கிறவங்ககிட்ட இப்பவே சொல்லி வைங்க. வால்வு மூடியிருக்கும்போது அவங்க ஊத்துற ஒவ்வொரு பக்கெட்டும் உங்க கோப்பையில வரும். தெருவுல தண்ணி நிக்கிற வரைக்கும் மாடி கக்கூஸும் பாத்ரூமும் உபயோகிக்கக் கூடாது. பக்கெட்டுல ரெண்டு கனமான பாலிதீன் பை, ஒவ்வொரு தடவையும் மேல ரெண்டு கை மரத்தூள், அதுதான் அந்த ரெண்டு நாளைக்கு.

பாத்ரூம் ஓட்டைக்குத் துணி அடைக்காதீங்க, பிடுங்கிக்கிட்டு வரும். மேல் ஜாலியை எடுத்துட்டு மூணடி உயர பிவிசி பைப்பை ரப்பர் கப்ளர் வெச்சு நிறுத்துங்க. தண்ணி பைப்புக்குள்ள ஏறி நிக்கும், தரைக்கு வராது. கோப்பைக்கு: கனமான பாலிதீன் பையில 15 கிலோ மணல், வாயைக் கட்டி, கோப்பைக் குழிக்குள்ள அமுக்கி, அதுக்கு மேல இன்னொரு மூட்டை. ஒரு ஓட்டையை மட்டும் அடைச்சா அடுத்த தாழ்வான ஓட்டையில வரும். சமையற்கட்டுத் தொட்டி, வாஷிங் மெஷின் பைப் உட்பட எல்லாத்தையும் எண்ணி அடைக்கணும். நடையில இருக்கிற சேம்பர் மூடியையும் மறக்காதீங்க, அதுவும் ஒரு ஓட்டைதான். மூடி விளிம்புல கிரீஸ் தடவி உட்கார வெச்சு மேல மூட்டை ஏத்துங்க.

கட்டடம்_பெரம்பூர்:

மேல சொன்னது முழுக்க சரி. அதுக்கு அடுத்தது வாசல்.

வாசப்படியை நிரந்தரமா உயர்த்தினா அம்மா தினமும் தாண்டணும், விழுந்துடுவாங்க. கழட்டி மாட்டுற பலகை போடுங்க. 19 எம்எம் வாட்டர் ப்ரூஃப் பிளைவுட், ரெண்டு அடி உயரம், விளிம்பு நாலுக்கும் ரெண்டு கோட்டிங் எனாமல். வாசலுக்கு வெளிப்பக்கம், சுவர்ல ரெண்டு பக்கமும் அலுமினிய சேனல், ஆறு அங்குலத்துக்கு ஒரு ஆங்கர் போல்ட். கீழேயும் பக்கத்துலயும் ஸ்பாஞ்ச் ரப்பர். பலகை வெளிப்பக்கம் இருந்தாத்தான் தண்ணியோட அழுத்தமே அதைச் சுவரோட ஒட்ட வைக்கும். உள்பக்கம் மாட்டினா தண்ணி அதைப் பிடுங்கப் பார்க்கும். பலகைக்கும் சேனலுக்கும் நடுவுல மரச் சக்கை அடிச்சு இறுக்குங்க.

மூணடி அகல வாசல்ல ஒரு அடி தண்ணி தள்ளுறது சுமார் 40 கிலோ. ரெண்டு அடின்னா 80 இல்ல, 170 கிலோ. அதனாலதான் ஒரு அடிக்குத் தாங்கின தடுப்பு ரெண்டு அடியில பிச்சுக்குது. சுவருக்கும் அதே கதைதான். பின்பக்கச் சாய்ப்பு நாலரை அங்குல சுவரா இருந்தா, வெளியே ரெண்டு அடிக்கு மேல ஏறும்போது உள்ளே காய்ஞ்ச தரையா வெச்சிருக்கப் பார்க்காதீங்க. சுவர் உள்பக்கமா சாய்ஞ்சுடும். அந்த நிலைமையில மேல ஏற வேண்டியவங்க எல்லாம் ஏறினதும் பலகையை எடுத்துட்டு தண்ணியை உள்ளே விடுறதுதான் வீட்டுக்கு நல்லது.

மணல் மூட்டைன்னா சிமெண்ட் பையில பாதிக்கு மேல நிரப்பாதீங்க. முழுசா நிரப்பினா உருண்டையா நிக்கும், நடுவுல இடைவெளி விழும். பாதி நிரப்பினதைச் செங்கல் அடுக்குற மாதிரி இணைப்பு மாத்தி அடுக்கி, ஒவ்வொரு வரிசையையும் ஏறி மிதிங்க. தண்ணிப் பக்கம் தார்ப்பாயை அடியில மடிச்சு விட்டு மேல கொண்டு வாங்க. ஒரு வாசலுக்கு 12 முதல் 15 மூட்டை பிடிக்கும். ரப்பிஷ், ஜல்லி போடாதீங்க, தண்ணி ஊடுருவிடும்.

கீழ்வீடு_எம்கேபிநகர்:

ரொம்ப நன்றிங்க அண்ணே. மாடித் தண்ணி விஷயம் இதுவரைக்கும் யாருமே சொல்லல. ஈபி மீட்டர் வாசல் பக்கச் சுவர்ல நாலடி உயரத்துல இருக்கு. ஹால் பிளக் பாயின்ட் எல்லாம் தரையிலேர்ந்து ஒரு அடி. இன்வெர்ட்டர் பேட்டரி கட்டிலுக்கு அடியில. ஷீட்டுக்கும் என்ன செய்யலாம்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வயர்மேன்_தண்டையார்பேட்டை:

பேட்டரியை இன்னைக்கே கட்டிலுக்கு அடியிலேர்ந்து எடுத்துடுங்க. 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி 50 கிலோவுக்கு மேல இருக்கும், தண்ணி வர்ற நேரத்துல ஒரு ஆள் தூக்க முடியாது. நாலடி உயரத்துல ஆங்கிள் ஸ்டாண்டு அடிச்சு நிரந்தரமா அங்கேயே வைங்க. கழட்டும்போது முதல்ல நெகட்டிவ், மாட்டும்போது கடைசியா நெகட்டிவ். சாய்க்காம தூக்கணும், உள்ளே ஆசிட்.

மெயினை ஆஃப் பண்ணிட்டோம், இனி பயமில்லன்னு நினைச்சுடாதீங்க. மெயின் ஆஃப் ஆனதும் கரண்ட் போச்சுன்னு நினைச்சு இன்வெர்ட்டர் தானா ஆன் ஆகும். ஃபேன், லைட் லைன்ல 230 வோல்ட் ஓடிக்கிட்டே இருக்கும், அந்த லைன்ல ஒரு பிளக் பாயின்ட் இருந்தா தண்ணிக்குள்ளயும் ஓடும். மெயின் ஆஃப், இன்வெர்ட்டர் சுவிட்ச் ஆஃப், பேட்டரி நெகட்டிவ் கழட்டு. மூணும் சேர்ந்தாத்தான் ஆஃப். இதைத் தண்ணி வாசல்ல நிக்கும்போதே, காய்ஞ்ச தரையில நின்னு செய்யணும். தண்ணி உள்ளே வந்தப்புறம் போர்டுகிட்ட போகாதீங்க.

கையில இருக்கிற பணத்துல செய்யக்கூடியது: கீழ்வீட்டுப் பிளக் பாயின்ட் எல்லாத்தையும் நாலடிக்கு உயர்த்துங்க. கீழுக்கும் மாடிக்கும் தனித்தனி லைன், தனித்தனி 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆகுற சுவிட்ச்). அப்போ கீழ்வீட்டை மட்டும் ஆஃப் பண்ணிட்டு மாடியில வெளிச்சம் வெச்சுக்கலாம். ஆர்சிசிபில இருக்கிற டெஸ்ட் பட்டனை இன்னைக்கு அமுக்கிப் பாருங்க. ‘டப்’னு விழலைன்னா அது வெறும் பிளாஸ்டிக் டப்பா, மாத்திடுங்க. மீட்டரை இன்னும் மேல ஏத்தணும்னா ஈபி ஆபீஸ்ல எழுதிக் கொடுத்துத்தான் செய்யணும், சீலைத் தொடாதீங்க.

மீட்டர் வரைக்கும் தண்ணி வந்துட்டா ஈபி புகார் மையம் மின்னகத்துக்கு அடிங்க, 94987 94987. தெருவுலேயே லைனை நிறுத்துவாங்க. தெருவுல இருக்கிற பில்லர் பாக்ஸ், லைட் கம்பம் பக்கம் தண்ணியில இறங்கி நடக்கவே கூடாது. குழந்தைங்களுக்கு இதைக் கண்டிப்பா சொல்லுங்க.

தண்ணி வடிஞ்சதும் எல்லாரும் பண்ற தப்பு, போர்டு காய்ஞ்ச மாதிரி தெரிஞ்சதும் போட்டுப் பார்க்கிறது. சுவருக்குள்ள போற பைப்ல தண்ணி பல நாள் நிக்கும். மூழ்கின எம்சிபி, ஆர்சிசிபியைக் காய வெச்சு மறுபடி மாட்டாதீங்க, புதுசு போடுங்க. வயர்களை 500 வோல்ட் மெகர் (வயர்ல கசிவு இருக்கான்னு காட்டுற மீட்டர்) வெச்சுப் பார்க்கச் சொல்லுங்க. ஒரு மெகா ஓமுக்குக் கீழ காட்டுற லைனைத் தொடாம விட்டுட்டு, மத்ததை ஒவ்வொண்ணா போடுங்க. மூழ்கின மோட்டார், ஃப்ரிட்ஜ், மிக்ஸி எதையும் அப்படியே ஓட விடாதீங்க. தரையில இருக்கிற மோட்டாரை மஞ்சள் எச்சரிக்கை வந்த உடனே யூனியனை (கழட்டி மாட்டுற பைப் இணைப்பு) கழட்டி மாடிக்கு ஏத்திட்டா வைண்டிங் செலவு மிச்சம்.

ஷீட்வேலை_திருவொற்றியூர்:

வர்தா புயல் 2016 டிசம்பர் 12ல அடிச்சப்போ மழையைவிடக் காத்துதான் சேதம். ஒவ்வொரு புயலும் ஒரு மாதிரி, அதனால தண்ணிக்கு மட்டும் தயாரா இருந்துட்டு ஷீட்டை விட்டுடாதீங்க.

ஷீட் நடுவுல பறக்காது. ஓரமும் மூலையும்தான் முதல்ல கிளம்பும், அங்கதான் காத்து மேல இழுக்கும். ஷீட்டைப் பிடிக்கிற ஜே ஹூக் 8 எம்எம் இருக்கணும், துரு பிடிச்சதை மாத்துங்க. ஹூக் ஷீட்டோட மேட்டுல போகணும், பள்ளத்துல போட்டா ஓட்டை வழியா தண்ணி இறங்கும். மேல தார் வாஷர், அதுக்கு மேல இரும்பு வாஷர். நட்டை ரொம்ப இறுக்கினா சிமெண்ட் ஷீட் விரிசல் விடும், வாஷர் நகராத அளவு போதும். கீழ் ஓரத்துல 40க்கு 6 எம்எம் பட்டைக் கம்பியை ஷீட் முழு நீளத்துக்கும் படுக்க வெச்சு, அதே ஹூக்காலயே பர்லினோட (ஷீட்டுக்கு அடியில தாங்குற குறுக்குச் சட்டம்) பிடிச்சு முடுக்குங்க. செலவு கம்மி, பலன் பெருசு. ஒரு ஹூக் போனாலும் ஷீட் தனியா கிளம்பாது.

ஷீட் மேல நேரா காலை வைக்காதீங்க, உடைஞ்சு உள்ளே விழுவீங்க. பர்லின் இருக்கிற இடத்துல பலகை போட்டு அதுல நடங்க. ஓட்டை போடுறதுன்னா கை டிரில், அந்த இடத்தை நனைச்சுக்கிட்டு, மூக்குல மாஸ்க். பழைய சிமெண்ட் ஷீட்ல கல்நார் இருக்கு, அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு.

செங்கல், கருங்கல் மேல வைக்கிறது ரொம்ப ஆபத்து, காத்துல அது பக்கத்து வீட்டு மேல போகும். 10 கிலோ மணல் மூட்டையை பர்லின் கோட்டுக்கு நேரா வெச்சு, கயிறால சுவர் கொக்கியில கட்டுங்க. காத்து அடிக்கிற பக்கத்துக் கதவு ஜன்னலைத் திறந்து வைக்காதீங்க, உள்ளே புகுந்து கூரையைத் தூக்கும். புயல் நடுவுல திடீர்னு அமைதி வந்தா ஷீட்டைச் சரி பண்ண வெளியே போகாதீங்க. அது கண் பகுதியா இருந்தா அடுத்து எதிர்த்திசையிலேர்ந்து அதே வேகத்துல அடிக்கும்.

மாடி சின்டெக்ஸ் டேங்கை நிரப்பி வைங்க. 1,000 லிட்டர்னா ஒரு டன், நகராது. காலி டேங்க் உருண்டு போய்டும்.

மழைநீர்_புளியந்தோப்பு:

சம்பு பத்தி யாரும் சொல்லல. தண்ணி உள்ளே போகும்னு தெரியுதே, காலி பண்ணி விட்டுடுங்க. அப்புறம் கழுவுறது சுலபம்.

தண்ணித்தொட்டி_எர்ணாவூர்:

தயவு செஞ்சு காலி பண்ணாதீங்க. நம்ம பக்கம் மழைக் காலத்துல நிலத்தடித் தண்ணி தரை வரைக்கும் வந்துடும். 3,000 லிட்டர் காலி சம்பைச் சுத்தியிருக்கிற தண்ணி மூணு டன் அளவுக்கு மேல தள்ளும். செங்கல் சம்புன்னா அடித்தளம் விரிசல் விடும், பிளாஸ்டிக் தொட்டின்னா தரையைப் பிளந்துக்கிட்டு மேல வரும். கழுத்து வரைக்கும் நல்ல தண்ணி நிரப்பி, ஓவர்ஃப்ளோ பைப்புக்கு எண்ட் கேப் போட்டு, மூடி விளிம்புல ரப்பர் ஷீட்டும் மேல தார்ப்பாயும் போட்டு மூட்டை ஏத்துங்க. பெரும்பாலான சம்புல சாக்கடை நுழையறது மூடி வழியா இல்ல, அந்த ஓவர்ஃப்ளோ பைப் வழியா.

அப்படி மூடினாலும் வெள்ளம் மேல நின்னுச்சுன்னா அந்தத் தண்ணியைக் குடிக்க எடுக்காதீங்க. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வீதம் கேன்ல தனியா மாடியில வைங்க. அஞ்சு பேருக்கு அஞ்சு நாள்னா 20 லிட்டர் கேன் அஞ்சு.

வடிஞ்சப்புறம், சம்பைச் சுத்தி மண்ணுல தண்ணி இறங்கின பிறகு (ஒரு வாரம் பொறுங்க, அவசரப்பட்டுக் காலி பண்ணினா மேல சொன்ன அதே ஆபத்து) இறைச்சு, சேறு வழிச்சு, தேய்ச்சுக் கழுவுங்க. உள்ளே இறங்குறவர் தனியா இறங்கக் கூடாது. மூடியைத் திறந்து நல்லா காத்தாட விட்டு, மேல ஒருத்தர் நின்னு பார்த்துக்கணும். மறுபடி நிரப்பி 1,000 லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர், உங்களுக்கு 450 கிராம். பிளாஸ்டிக் பக்கெட்ல கரைச்சு, பத்து நிமிஷம் தெளிய விட்டு, தெளிவை மட்டும் ஊத்துங்க. எல்லாக் குழாயிலயும் அந்த வாசனை வர்ற வரைக்கும் திறந்து விட்டு, ஒரு ராத்திரி வெச்சு, முழுக்க வெளியேத்துங்க. அப்புறம் தினப்படி உபயோகத்துக்கு 1,000 லிட்டருக்கு 4 கிராம் போதும். குடிக்க அதையும் கொதிக்க வைங்க. பழைய, கட்டி தட்டின பவுடர்ல சத்து இருக்காது, புதுப் பாக்கெட் வாங்குங்க.

கக்கூஸ் கழுவுற ஆசிட்டையும் பிளீச்சிங்கையும் ஒரே நாள்ல ஒரே இடத்துல போடாதீங்க. வர்ற புகை குளோரின், மூடின பாத்ரூம்ல மூச்சே நிக்கும்.

எண்ணூர், எர்ணாவூர், மணலிப் பக்கத்துக்காரங்களுக்கு ஒண்ணு. மிக்ஜாம்ல தண்ணியோட எண்ணெயும் வந்துச்சு. எண்ணெய்ப் படலம் இருந்தா பிளீச்சிங் வேலை செய்யாது. முதல்ல மரத்தூள் தூவி உறிஞ்சி எடுத்து, சோப்புத் தூள் வெந்நீர்ல தேய்ச்சு, அப்புறம்தான் கிருமிநாசினி. எண்ணெய் ஊறின பிளாஸ்டர் மேல நேரா வெள்ளை அடிச்சா பிடிக்காது. தலையணை, மெத்தை, எண்ணெய் பட்ட அரிசி எதையும் காப்பாத்தப் பார்க்காதீங்க. காலுக்கு கம்பூட்ஸ், எலிக்காய்ச்சல் இந்தத் தண்ணியிலதான் வரும். ரெண்டு வாரத்துக்குள்ள காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தா வெள்ளத்துல நின்னதை டாக்டர்கிட்ட சொல்லுங்க.

கேஸ் சிலிண்டரும் மிதக்கும், நிறைஞ்சது கூட. ரெகுலேட்டரைக் கழட்டி, மூடி போட்டு, ஜன்னல் கம்பியில நிமிர்த்திச் சங்கிலியால கட்டுங்க.

மழைநீர்_புளியந்தோப்பு:

சரிங்க, மேல தள்ளுற கணக்கு எனக்குத் தோணல. எங்க சம்பையும் நிரப்பியே வைக்கிறேன்.

அம்மாவைத் தூக்கிட்டு மாடிக்குப் போகணும்னு சொன்னீங்கல்ல, எப்போ ஏத்தணும்னு முடிவு பண்ண நான் பார்க்கிறது மூணு விஷயம். வானிலை மையம் சிவப்பு எச்சரிக்கை கொடுத்தா 24 மணி நேரத்துல 20 சென்டிமீட்டருக்கு மேல வரலாம்னு அர்த்தம், அன்னிக்குப் பகல்லயே ஏத்திடணும். ரெண்டாவது, எண்ணூர் பக்கம் கடல் ஏறுற நேரம். வியாசர்பாடித் தண்ணி கேப்டன் காட்டன் கால்வாய், பக்கிங்காம் கால்வாய் வழியா எண்ணூர் முகத்துவாரத்துக்குத்தான் போகணும். அங்கே ஓதம் (கடல் மட்டம்) ஏறி நிக்கும்போது மழை விட்டாலும் தெருத் தண்ணி இறங்காது, சில சமயம் ஏறக்கூடச் செய்யும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டின நாள்ல இன்னும் அதிகம். மூணாவது புழல் ஏரி. முழுக் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி, உயரம் 21.20 அடி. உபரி திறந்தா அது வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையங்குப்பம் வழியா போகும். அந்தப் பக்கத்துல சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறதா இருந்தா திட்டத்தை மாத்துங்க. மாநகராட்சிக்கு 1913, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070. ரெண்டையும் அம்மா போன்லயும் போட்டு வைங்க.

ராத்திரி தண்ணி வரட்டும் பார்க்கலாம்னு இருக்காதீங்க. இருட்டுல, கரண்ட் இல்லாம, நனைஞ்ச படியில எழுபது வயசுக்காரங்களைத் தூக்குறதுதான் இதுல ரொம்ப ஆபத்தானது. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஏத்திடுங்க. தண்ணி வராம போனா காலையில இறக்கினா போச்சு.

கீழ்வீடு_எம்கேபிநகர்:

எல்லாருக்கும் நன்றி. பேட்டரியை மேல தூக்கியாச்சு. இன்னிக்கு சேம்பரைத் திறந்து பார்த்தேன். தெருவுக்குப் போறது 6 அங்குல பழைய ஸ்டோன்வேர் (சுட்ட களிமண்) பைப். 4 அங்குல வால்வு எப்படி மாட்டுறது? கடையில ஒருத்தர் சிமெண்ட் வெச்சு அடைச்சு நடுவுல 4 அங்குல பைப் சொருகிடலாம்னு சொன்னார்.

குழாய்வேலை_கொருக்குப்பேட்டை:

6 அங்குலத்தை 4ஆ குறுக்காதீங்க தம்பி, அந்த இடத்துல படிஞ்சு படிஞ்சு சாதாரண நாள்லயே அடைச்சுக்கும். 160 எம்எம் வால்வு கிடைக்குது, அதையே வாங்குங்க. ஸ்டோன்வேர் முனையை கிரைண்டர்ல நேரா வெட்டி, ரெண்டு பக்கமும் ஸ்டெயின்லெஸ் கிளாம்ப் உள்ள ரப்பர் கப்ளர் போட்டு இணைக்கணும். வெறும் சிமெண்ட் பூச்சு பிவிசில ஒட்டாது, முதல் வெள்ளத்துலயே சுத்தி வர விரிசல் விட்டு அது வழியா எதிர்த்து வரும்.

சேம்பருக்குள்ள வால்வு உட்கார இடம் பத்தலைன்னா தெருப்பக்கம் ஒன்றரை அடிக்கு இன்னொரு சின்ன சேம்பர் கட்டுங்க, அது இன்னும் நல்லது, வீட்டுக்குள்ள திறக்க வேண்டியதில்ல. மாட்டின மறுநாள், வெயில் நாளாப் பார்த்து, மாடி கக்கூஸ்ல பத்து பக்கெட் ஒண்ணா ஊத்தச் சொல்லி நீங்க சேம்பர் பக்கத்துல நில்லுங்க. தண்ணி தேங்காம போகணும். போகலைன்னா சரிவு தப்பு, அப்பவே பிரிச்சு மாட்டச் சொல்லுங்க, பூசி மூடினப்புறம் யாரும் வர மாட்டாங்க.